கரும்பின் கணக்கறிந்த ஜானகி அம்மாள்

தமிழகத்திற்குக் கரும்பைக் கொணர்ந்தவர் அதியமானின் முன்னோர் என்று புறநானூறு கூறும் செய்தியை நம் மாணவர் யாவரும் அறிவர். வகுப்பில் அப்பாடலை நடத்துந்தோறும் அரிய பொருளை நாட்டிற்குத் தந்த வள்ளன்மையை வியந்து பேசி, அடுத்த பாடலுக்குச் சென்றுவிடுகிறோம். அக்கரும்பின் உள்ளே என்ன இருந்தது, அது எவ்வாறு வேறு கரும்பாயிற்று என்று நாம் வினவியதில்லை. அது தமிழாசிரியர் வினவ வேண்டிய வினாவும் அன்று என்றே எண்ணியிருந்தோம்.

நம் கல்லூரித் தாவரவியல் துறை நண்பர் ஒருவர் ஒருநாள் நம்மை ஆய்வகத்திற்கு அழைத்துச் சென்றார். வெங்காய வேரின் நுனியை நசுக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். பிரியும் நிலையிலிருந்த உயிரணுவொன்றில் சிறுசிறு நூல்துண்டுகள் போலச் சில தெரிந்தன. அவைதாம் குரோமோசோம்கள், வெங்காயத்திற்கு 16 என்றார். எண்ணிப் பார்த்தோம், நம் கண்ணுக்குப் பதினொன்றுக்கு மேல் அகப்படவில்லை. இவ்வாறு எண்ணுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட அம்மையார் ஒருவர் நம் சென்னையிலேயே வாழ்ந்து மறைந்தார் என்று நண்பர் கூறிய பின்னரே ஜானகி அம்மாளின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம்.

இடவலத்து கக்காட்டு ஜானகி 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரின் தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் இ.கே. கிருஷ்ணன் நீதித்துறையில் பணியாற்றியவர். செடிகொடிகளிலும் பறவைகளிலும் ஈடுபாடு மிக்கவர். வட மலபாரின் பறவைகளைப் பற்றி எழுதியவர். இரு மணங்களின் வழி அவருக்கு மக்கள் பத்தொன்பதின்மர். ஜானகி இரண்டாம் தாயின் மக்களுள் பத்தாமவர். தமக்கையர் ஒருவர்பின் ஒருவராக மணம் முடித்துச் செல்ல, உறவினருள் பேசப்பட்ட மணத்தை மறுத்துவிட்டு, இவர் சென்னைக்குப் படிக்க வந்தார். இராணி மேரிக் கல்லூரியில் பட்டப்படிப்பு. மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியல் சிறப்புப் பட்டம். பின்னர்ப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி. தம் வாழ்நாளில் அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை.

ஆசிய நாட்டுப் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் உதவித்தொகையைப் பெற்று 1924இல் கடல் கடந்தார். முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பிச் சென்னையில் கற்பித்தார்; மீண்டும் சென்று 1931இல் அறிவியல் முனைவரானார். தாவரவியலில் அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி இவரே என்பர். கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த செடியொன்றின் குரோமோசோம்களே அவரது ஆய்வுப் பொருள். அக்காலத்தில் கத்தரியிலேயே குரோமோசோம் மிகுந்த வகையொன்றையும் ஆராய்ந்து எழுதினார். மிகுதல் என்னும் இச்செய்தியே பின்னர் அவர் வாழ்வின் பொருளாயிற்று. தாயகம் திரும்பியதும் திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் ஈராண்டுகள் பேராசிரியராக இருந்தார். 1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாராகச் சேர்ந்தார்.

இவ்விடத்தில் ஒரு பிழையைத் திருத்துதல் நம் கடமையாகிறது. இந்தியக் கரும்பிற்கு இனிப்பூட்டியவர் ஜானகி அம்மாள் என்று இப்போது பலரும் எழுதுகின்றனர். அது புகழுரை, வரலாறு அன்று. கோவை நிலையம் 1912இல் தோன்றியது. அங்கே பார்பர் என்னும் ஆங்கில அறிஞரும் அவருடன் பணியாற்றிய டி.எஸ். வெங்கட்ராமனும், வெல்லை என்னும் இனிப்புக் கரும்பையும், ஆற்றங்கரையில் தானே முளைக்கும் நாணல் இனத்துக் காட்டுக் கரும்பையும் கலந்து, கோ 205 என்னும் வகையைப் பெற்றனர். அது உழவர் கைக்குச் சென்ற ஆண்டு 1918. அப்போது ஜானகி இளம் மாணவி. இனிமை அவர் வருமுன்னரே வந்துவிட்டது. அக்கலப்பு ஏன் வாய்த்தது, அதனுள் நிகழ்ந்தது யாது என்ற வினாவே அவர்முன் நின்றது. செய்தவரின் புகழை அறிந்தவருக்குச் சூட்டினால் இருவரின் பெருமையும் மங்கும்.

அவ்வினாவின் கடினத்தை நம்மைப் போன்ற இலக்கியத் துறையினர் உணர, அடிப்படைச் செய்தியொன்றை அறிதல் வேண்டும். ஒவ்வோர் உயிரும் தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியுமாகக் குரோமோசோம்களைப் பெறுகிறது. மகரந்தமும் சூலும் உருவாகும்போது, தாய்வழி வந்த ஒவ்வொன்றும் தந்தைவழி வந்த தன் இணையைத் தேடிச் சேர்ந்து நின்று பின் பிரிகிறது. பெற்றோர் வெவ்வேறு இனத்தவராயின், பிறக்கும் கலப்புச் செடியில் இணை கிடைப்பதில்லை. ஒன்று ஓரிடத்தும் மற்றொன்று வேறிடத்துமாகச் சிதறுகின்றன. செடி செழித்து வளரும்; பூக்கும்; விதை மட்டும் தராது. ஆயினும் அரிதாக, உயிரணு பிரியும்போது பிழை நேர்ந்து, குரோமோசோம்கள் அனைத்தும் இரட்டித்துவிடும். அப்போது ஒவ்வொன்றும் தன் மறுபடியையே இணையாகப் பெறுகிறது. மலடாக இருந்த செடி விதை தருகிறது. அவ்விதையிலிருந்து முளைப்பது தாயினத்தோடும் தந்தையினத்தோடும் எளிதில் கலவாத புத்தினம். எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளில் சிறிது சிறிதாக நிகழும் என்று நாம் எண்ணும் படிமலர்ச்சி, இங்கே ஒன்றிரண்டு தலைமுறையில் நிகழ்ந்துவிடுகிறது. இதனைப் பன்மடியம் என்பர்.

இலண்டன் கியூத் தோட்டத்தில் பிரிமுலா என்னும் பூஞ்செடியில் இதனைக் கண்ணெதிரே கண்டனர். 18 குரோமோசோம் கொண்ட இரண்டு இனங்கள் கலந்து மலட்டுச் செடி பிறந்தது. அதன் கிளையொன்றில் குரோமோசோம் 36 ஆயிற்று. அக்கிளை விதை ஈன்றது. நாம் உண்ணும் ரொட்டிக் கோதுமையின் கதையும் இதுவே. 14 குரோமோசோம் கொண்ட புற்கள் கூடி 28 உடைய எம்மர்க் கோதுமையாகி, அது மற்றொரு 14 உடைய புல்லோடு சேர்ந்து 42 உடையதாயிற்று. நம் கரிசல் காட்டுக் கருங்கண்ணிப் பருத்திக்கு 26. கம்போடியாப் பருத்திக்கு 52. பின்னதன் உள்ளே பழைய உலகத்துப் பருத்தியின் உறவும் அமெரிக்கக் காட்டுப் பருத்தியின் உறவும் ஒருங்கே குடியிருக்கின்றன. பூவன், மொந்தன் முதலிய வாழைகள் 33 உடையவை. மும்மடியமாதலின் இணை சேராமல் விதையற்றுப் போயின. அக்குறையே நமக்கு நன்மையாயிற்று.

கரும்பின் கணக்கு இவையனைத்தினும் சிக்கலானது. இனிப்புக் கரும்பிற்குக் குரோமோசோம்கள் 80; கோவைக் காட்டுக் கரும்பிற்கு 64. இரண்டிலும் பாதி பாதி சேர்ந்தால் 72 வரவேண்டும். கோ 205இல் இருந்தவை 112. தாய்க் கரும்பு தன் பாதியான 40ஐத் தராமல் 80ஐயும் தந்திருந்தது. தந்தை 32 தந்தது. இனிப்புக் கரும்பு தாயாக நிற்கும்போது இவ்வாறு இரட்டித்துத் தரும் இயல்புடையது என்பதை ஜாவாவில் பணியாற்றிய டச்சு அறிஞர் பிரெமர் 1920களில் கண்டறிந்தார். இனிப்பு குறையாமல், காட்டினத்தின் உரமும் நோய் தாங்கும் வலிமையும் ஒரே தண்டில் அமைந்ததற்கு இவ்விரட்டிப்பும் துணை நின்றது.

ஜானகி அம்மாள் காட்டுக் கரும்பின் பக்கம் திரும்பினார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த நாணற் கரும்புகளின் குரோமோசோம்களை எண்ணி, 1936இல் ஆய்வுரை வெளியிட்டார். தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும் இப்புல், இடத்திற்கிடம் எண்ணிக்கையில் மாறுபட்டிருந்தது. இன்று 40 முதல் 128 வரை அறியப்பட்டுள்ளது. ஒரே பெயரில் வழங்கும் செடிக்குள் பல மடியங்கள் அடுக்கடுக்காக வாழ்கின்றன என்பதும், எண்ணிக்கையை நாட்டுப் படத்தின்மேல் பதித்துப் பார்த்தால் அவ்வினம் எவ்வழி பரந்தது என்று ஊகிக்கலாம் என்பதும் அவருக்கு இங்கேதான் புலப்பட்டிருத்தல் வேண்டும் என நாம் கருதுகிறோம். கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் காட்டுப் புற்களோடும் கலந்து பார்த்தார். கரும்பு, மக்காச்சோளக் கலப்பைப் பற்றிய அவரது குறிப்பு 1938இல் நேச்சர் இதழில் வந்தது. சர் சி.வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியற் கழகத்தின் உறுப்பினராக 1935இலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பெருமைகள் வந்தனவே யன்றி, கோவை வாழ்வு இனிதாக இல்லை. ஆடவரே நிறைந்த நிலையத்தில் தனித்து வாழும் பெண். பின்தங்கியதெனக் கருதப்பட்ட தீயர் குலத்தில் பிறந்தவர். இவ்விரண்டும் அவருக்குத் தடைகளாயின என்பதை அவர் வரலாற்றை ஆய்ந்தோர் எழுதியுள்ளனர். 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் கூடிய உலக மரபியல் மாநாட்டிற்குச் சென்றார். மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே போர் மேகம் சூழ்ந்தது. செப்டம்பரில் போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். சேலை மடிப்பில் அணிற்பிள்ளை யொன்றை மறைத்து அங்குக் கொண்டு சென்றார் என்று அவர் குடும்பத்தார் எழுதியுள்ளனர். அறிவியலறிஞர் வரலாற்றில் இதற்கு இடமுண்டா என்று சிலர் கேட்கலாம். நமக்கு அவ்வணில் பிடித்திருக்கிறது.

இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் 1940 முதல் ஐந்தாண்டுகள் பணியாற்றினார். அதன் தலைவர் டார்லிங்டன் குரோமோசோம் ஆய்வில் அன்று உலகறிந்தவர். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் பதுங்குவதும், காலையில் ஆய்வகத்து அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு நுண்ணோக்கியின்முன் அமர்வதுமாக அந்நாட்கள் கழிந்தன. இருவரும் இணைந்து 1945இல் வெளியிட்ட நூல், பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் ஏடு. உலகில் மனிதன் வளர்க்கும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளை ஒருங்கே தந்த நூல் அது. நிகண்டு படித்த நமக்கு அதன் அருமை எளிதில் விளங்கும். ஒரு செடியின் எண்ணைத் தனியே அறிந்தால் பயன் சிறிது. அதன் உறவுகளின் எண்களோடு அடுக்கிப் பார்க்கும்போதே எது மூலம், எது இரட்டித்தது, எவை கலந்து எது பிறந்தது என்ற குடிவழி புலனாகும்.

பின்னர் விஸ்லியிலுள்ள அரச தோட்டக்கலைக் கழகம் அவரை அழைத்து, ஊதியம் பெறும் அறிவியலாளராக அமர்த்தியது. அக்கழகத்தில் அப்பொறுப்பேற்ற முதற் பெண்மணி அவரே. அங்கே அவர் கையாண்ட மருந்து கால்ச்சிசின். உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் இழைகளை இது குலைத்துவிடும். அதனால் இரட்டித்தவை பிரியாமல் ஓரணுவிலேயே தங்கிவிடும். இயற்கையில் அரிதாக நேரும் பிழையைக் கைவசப்படுத்தும் இம்முறை 1937இல் வழக்கிற்கு வந்தது. கால்ச்சிசின் ஐரோப்பாவில் கால்ச்சிகம் என்னும் செடியிலிருந்து எடுக்கப்பட்டது. நம் சங்கப் புலவர் மகளிர் விரலுக்கு உவமை கூறிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அதே பொருள் உள்ளது. குறிஞ்சி நிலத்துக் கொடிக்குள் இப்படியோர் ஆற்றல் இருக்குமென்று உரையாசிரியர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

மாக்னோலியா நாற்றுகள் விதையிலை விரித்த பருவத்தில் அவற்றின் குருத்தில் அம்மருந்தைப் பூசினார். 38 குரோமோசோம் உடையவை 76 உடையவையாயின. இலை தடித்தது, பூவின் இதழ்களும் மாறின. அவ்வாறு உண்டான மாக்னோலியா கோபஸ் வகையொன்று ஜானகி அம்மாள் என்னும் பெயரையே பெற்று விஸ்லிக் குன்றில் வளர்ந்தது. தோட்டக்காரர்க்கு அது புதுமைப் பூ. அவருக்கோ, மாக்னோலியாக்களில் இயற்கையாகவே 38, 76, 114 என்று அமைந்த படிகளை விளக்கும் சான்று. அவ்வினங்களின் குடிவரலாற்றை 1950களின் தொடக்கத்தில் எழுதினார்.

அவர் கருத்துகளில் நம்மை மிகவும் ஈர்த்தது இமயமலையைப் பற்றியது. இமயத்தின் வடமேற்குப் பகுதி குளிர்ந்தது, வறண்டது. வடகிழக்குப் பகுதி குளிர்ந்தது, ஈரமானது. வடகிழக்கில் தாவர இனங்கள் மிகப் பல. இவ்வேறுபாட்டிற்குப் பன்மடியம் ஒரு காரணம் என்றார் ஜானகி அம்மாள். சீன நிலத்துத் தாவரங்களும் மலேய நிலத்துத் தாவரங்களும் வந்து கூடும் சந்தி அது. அங்கே அவை நாட்டுத் தாவரங்களோடு கலந்தன. அக்கலப்பும் புதிய இனங்களுக்கு வித்தாயிற்று என்பது அவர் கொள்கை. 1950இல் வெளிவந்த ரோடோடெண்ட்ரான் ஆய்வு இதற்குத் துணை செய்தது. அப்பேரினத்தின் அடிப்படை எண் 13. மரமாக வளரும் பலவும் 26 உடன் நின்றுவிட்டன. நம் நீலகிரியில் செந்நிறமாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் அவ்வகையினதே. இலையில் செதில் படர்ந்த குறுஞ்செடிகளிலோ மடியங்கள் ஏறிச் சென்று பன்னிரு மடியம்வரை எட்டியிருந்தன. இரட்டித்தல் எல்லாக் கிளையிலும் ஒருபடித்தாக நிகழ்வதில்லை என்பதற்கு இஃது ஒன்றே போதும்.

இன்றைய அறிவு அவரை எங்கே நிறுத்துகிறது என்பதையும் சொல்லவேண்டும். பூக்கும் தாவரங்களில் புதிய இனம் பிறக்கும் நிகழ்ச்சிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்தில் மடியம் உயர்ந்துள்ளது என 2009இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், இன்றுள்ள பூக்கும் தாவரங்கள் அனைத்திற்கும் பொதுவான மூதாதையே ஒருமுறை இரட்டித்தது என்பதை அம்போரெல்லா என்னும் தொன்மையான செடியின் மரபுத்தொகுதி 2013இல் காட்டியது. இரட்டித்த பிரதியுள் ஒன்று பழைய தொழிலைப் பார்க்க, மற்றொன்று புதுத்தொழில் கற்க இடமுண்டாகிறது. எனினும் புதிதாக இரட்டித்தவற்றுள் மிகப்பல நிலைக்காமல் அழிகின்றன என்ற கருத்தும் அறிஞரிடையே வலுவாக உள்ளது. தன்னைப் போன்ற துணை அருகில் இல்லாத முதற் செடி பிழைப்பது எளிதன்று. கரும்பின் முழுக்கணக்கோ மிக அண்மையில்தான் தெளிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட குரோமோசோம்களை உடைய ஆர் 570 என்னும் கரும்பு வகையின் மரபுத்தொகுதியைப் பன்னாட்டு அறிஞர் குழுவொன்று 2024இல் வெளியிட்டது. நுண்ணோக்கியும் சாயமுமே துணையாக ஜானகி அம்மாள் கோவையில் எண்ணத் தொடங்கித் தொண்ணூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் இந்தியா திரும்பினார். இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் சிறப்புப் பணி அலுவலராக 1952இல் பொறுப்பேற்றார். நம் நாட்டுச் செடிகளின் உலர்மாதிரிகள் இலண்டனில் இருக்க, நம்மவர் அங்கே சென்று பார்க்கும் நிலை மாறவேண்டும். இந்தியர் தாமே திரட்டிய தொகுப்புகள் இந்நாட்டில் அமைய வேண்டும் என்பது அவர் நோக்கம். திட்டம் வகுத்தவர் அவர். 1954இல் தலைமைத் தாவரவியலார் பதவி வேறொருவருக்குச் சென்றது. அவர் மனம் வருந்தினார் என்பது மறைக்க வேண்டிய செய்தியன்று. அலகாபாத்திலிருந்த மையத் தாவரவியல் ஆய்வகத்தை நடத்தினார். பின் ஜம்மு சென்றார். சிறிது காலம் டிராம்பேயில் இருந்தார். மனிதன் நிலவுலகின் முகத்தை மாற்றிய வரலாற்றை ஆராய 1955இல் பிரின்ஸ்டனில் கூடிய பேரவையில் பங்கேற்ற ஒரே பெண்மணி அவர். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1956இல் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. பத்மஸ்ரீ விருது வர 1977 ஆயிற்று. அப்போது அவர் அகவை எண்பதை நெருங்கியிருந்தது.

1970இல் அவர் சென்னைக்கே வந்து சேர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் ஓய்வுநிலை அறிவியலாராக, மதுரவாயலிலிருந்த கள ஆய்வகத்திலேயே தங்கி, மருந்துச் செடிகளையும், பழங்குடியினர் பயன்படுத்தும் தாவரங்களையும் ஆராய்ந்தார். மஞ்சட் சேலையும் பூனைகளும் செடிகளுமாக எளிய வாழ்வு. படிக்க வந்த ஊருக்கே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து ஆய்வு செய்ய வந்திருந்தார். அந்த வழியே எத்தனை முறை பேருந்தில் சென்றிருக்கிறோம்! அங்கே யார் இருந்தார் என்று நமக்கு எவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அந்நாட்களில் கேரளத்துச் சைலண்ட் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்டும் திட்டம் இருந்தது. பாலக்காட்டு மலைகளில் மனிதக் கை அதிகம் படாத மழைக்காடு அது. அணை எழுந்தால் காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கும். எதிர்த்தோருள் எண்பது வயதைத் தொட்ட ஜானகி அம்மாளும் ஒருவர். அவர் எதிர்த்த முறையும் அவருக்கே உரியது. அப்பள்ளத்தாக்கின் தாவரங்களுக்குக் குரோமோசோம் கணக்கெடுப்பொன்றை மேற்கொள்ள முனைந்தார். காடு அழிந்தால் மரம் மட்டும் போவதில்லை. எது எதிலிருந்து இரட்டித்தது, எது எதனோடு கலந்தது என்ற ஏடு எழுதப்படாமலே எரிந்துவிடும் என்பதை அவரினும் நன்குணர்ந்தவர் அன்று எவர்?

1984ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், மதுரவாயல் ஆய்வகத்தில் பணியிலிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அகவை 86. அணைத் திட்டம் கைவிடப்பட்டிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் சைலண்ட் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.